மிதித்தால் மௌனம்

ஆக்டேவ் பெடலை பாய லேபார் நிலையத்தில் வாங்கினேன்.
கட்டணக் கதவுக்கு உள்ளே அவன், வெளியே நான்.
வெளியே வந்தால் அட்டையில் காசு கழியும் என்று
தடுப்புக்கு மேலாகக் கை நீட்டினான்.
எழுபது வெள்ளி. பேட்டரி இலவசம்.
பேரம் பேசியிருக்கலாம்.

ஒரு சுரத்தை வாங்கி
அதற்குக் கீழே இன்னொன்றை வைக்கும் அது,
மேல்வீட்டில் நகர்த்தும் நாற்காலி
நம் வீட்டுக் கூரையில் கனப்பதுபோல.

பெடல்களை அடுக்கிய பலகை
புளோக் 318-இன் அடியில் யாரோ எறிந்த அலமாரிக் கதவு.
கைப்பிடி கழன்ற ஓட்டை வழியே வயர் போகிறது.
ட்யூனர், கம்ப்ரசர், ஆக்டேவ், ஃபஸ்,
கடைசியில் கோரஸ். அதை ஒரே ஒரு பாட்டுக்குத்தான் மிதிப்பேன்.
அந்தப் பாட்டை யாரும் கேட்காத வெள்ளிக்கிழமைகளில்
அதன்மேல் என் பியர் இருக்கும்.

பகலில் யீஷூனில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
மோட்டார் அறையில் எது சரியான முனகல், எது வலி என்று
காது முதலில் சொல்லும், மீட்டர் பிறகு.
அதே காதோடு இரவு கிளார்க் கீ போனால்
மேடையில் எர்த் கோளாறு.
ஃபஸ்ஸை மிதிக்கும்போதெல்லாம் ஒரு தேனீக்கூடு.
மூன்று வாரமாகச் சொல்கிறேன்.
"பேஸ்தானே" என்கிறார் முதலாளி.

எங்களுக்கென்று ஒன்றுமில்லை.
பெரைரா பாடுவது லண்டனில் எவரோ அழுது முடித்த அழுகை.
வெய் ஜீயின் சோலோ அச்சு அசல்;
ஒலிப்பதிவில் அந்த ஆள் பிசகிய இடத்தில்
இவனும் பிசகுவான்.
பத்தரைக்கு மலாய் ராக்.
பதினொன்றுக்கு ஏழாம் மேசை கேட்கும் தமிழ்ப் பாட்டு, பல்லவி மட்டும்.
பெரைரா 'வாழ்வை' 'வால்வை' என்பார்.
மேசை மன்னித்துக் கைதட்டும்.

என்னுடையதும் இரவல் நடைதான்.
யாரோ நாலு தந்தியில் நடந்து தேய்த்த சப்பாத்து,
என் காலுக்குச் சரியாக இருக்கிறது, அவ்வளவே.

ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
பெரைரா ஜோக் சொல்லும் நாற்பது நொடி
ட்யூனரை மிதிக்கிறேன்.
மிதித்தால் ஒலி அடைபடும்.
சுருதி சேர்க்கிறான் என்று நினைப்பார்கள்.
சுருதி எப்போதோ சேர்ந்துவிட்டது.

அப்போது நான் வாசிப்பது எவருடையதும் அல்ல.
தாழ்ந்த ஈ-யில் கிளம்பி, ஜி-யில் தயங்கி,
ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல்
தளத்துக்கு ஓர் அடி கீழே
நின்றுவிட்ட லிஃப்ட்டைப் போல ஒன்று.
ட்யூனரின் சின்னத் திரை மட்டும்
எழுத்துக்கூட்டிப் படிக்கும்: ஈ. ஈ. ஜி. ஏ.
இரண்டு வருடம்.
ஒரு சொட்டு ஒலிகூட வெளியே சிந்தியதில்லை.

போன வெள்ளி மழை. பாதி மேசை காலி.
மாமியார் ஜோக், நீண்டுகொண்டே போனது.
தலை குனிந்து அந்த நடைக்குள் இருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஏதோ தட்டல்.
ட்ரம் இல்லை. தொடை.

ரிட்சுவான், குச்சிகளைத் தன் ஜீன்ஸின்மேல்,
மிக மெல்ல,
நான் ஜி-யில் தயங்கும்போது கை தூக்கி,
தயக்கம் தீர்ந்த நொடியில் சரியாக இறக்கி.
முதல் தடவை தட்டுகிறவனின் தட்டல் இல்லை அது.

எத்தனை வெள்ளியாக என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்?

திரும்பினேன். என்னைப் பார்க்காமல்
மேலே மின்விசிறியைப் பார்த்தபடி
"மிதி," என்றான்.

ஜோக் முடிந்தது. ஒருவர் சிரித்தார்.
பட்டியலில் அடுத்தது எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு.
வெய் ஜீ இன்னும் கேப்போ தேடிக்கொண்டிருந்தான்.
ட்யூனரின்மேல் என் நனைந்த சப்பாத்து.

மிதித்தேன்.

ஃபஸ்ஸை அணைக்க மறந்திருக்கிறேன்.
முழுத் தேனீக்கூடும் கிளம்பி வந்தது.
முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.
அத்தனை இரைச்சலுக்கும் அடியில்,
எங்கோ,
என் ஒற்றை ஈ.